ரோசெட் நெபுலாவுக்கு ஆக்ஸிஜன் எடுத்த மாலைகள்

கைப்பேசிக்கு வந்த படம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. அதற்கு முந்தின படத்தில் நட்சத்திரங்கள் ரவையை இறைத்ததுபோலக் கிடந்தன. இதில் ஒன்றுகூட இல்லை. ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மறு கையால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு பெரிதானது, அவ்வளவுதான். இரண்டு நிமிடம் கழித்து அடுத்த படம் வந்தது. அதுவும் கறுப்பு.

தொலைநோக்கி மொட்டை மாடியில், என் தலைக்கு நேர் மேலே நின்றுகொண்டிருந்தது. படியேறிப் போய்ப் பார்த்தால் உடனே காரணம் தெரிந்துவிடும். ஆனால் இருட்டிய பிறகு மாடிக்குப் போவதில்லை என்று அத்தையிடம் சொல்லியிருந்தேன். அத்தை என்றால் என் மாமியார். அவர் கேட்டு வாங்கிய வாக்கு அல்ல அது. நானாகக் கொடுத்தது. அதனால் மீறுவது இன்னும் கடினமாக இருந்தது.

பாப்பாவுக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. மார்கழியில் சளி பிடித்து, அது மூச்சிளைப்பாக மாறி, நாமக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முகத்தில் சின்ன மாஸ்க்கை வைத்து மருந்துப்புகை கொடுத்தபோது, அழுவதற்குக்கூட மூச்சில்லாமல் என் விரலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் முழுக்க மாலை நேரங்களில் நான் மாடியில்தான் இருந்தேன். இதை வீட்டில் யாரும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. அத்தை மட்டும், வீடு திரும்பிய அன்று, ரசத்துக்குப் பூண்டு தட்டிக்கொண்டே சொன்னார்.

"பால் குடுக்கற ஒடம்பு, சாமி. பனி தலையில எறங்குனா பால்ல எறங்கும். பால்ல எறங்குனா புள்ளை நெஞ்சுக்குத்தான போகோணும்? வேற எங்க போகும்?"

நான் கல்யாணத்துக்குப் பிறகும், பாப்பா வயிற்றில் வரும்வரை, விடுதிப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்தினேன். பனி மேலிருந்து இறங்குவதில்லை, காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த பொருளின் மேல் தண்ணீராகப் படிகிறது என்று எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தாயின் தலையில் படிந்த ஈரம் பாலுக்குப் போக வழி இல்லை என்பதும் தெரியும். தெரிந்தும் அன்றிரவு பாப்பா தூங்கியதும் கைப்பேசியில் தேடினேன். இல்லை என்று சொன்ன பக்கத்தை நம்பாமல் இன்னொரு பக்கம் தேடினேன். அதுவும் இல்லை என்றது. இவர்கள் யாரும் மார்கழியில் எங்கள் ஊரில் இருந்து பார்த்தவர்கள் இல்லையே என்று தோன்றியது. காலையில் அத்தையிடம் போய் நானே சொல்லிவிட்டேன்.

"இருட்டுனதுக்கப்பறம் மேல போகமாட்டேனுங்க அத்தை. பொழுதோட போய் மாட்டி வெச்சுட்டு வந்தர்றேன். மிச்சத்தப் போன் வழியா கீழ இருந்தே பாத்துக்கலாம். மறுக்கா பாப்பாவுக்கு எளப்பு வந்துச்சுன்னா எல்லாத்தையும் கட்டி பீரோ மேல வெச்சுப்போடறேன்."

"நான் ஒண்ணும் வேண்டாங்கலையே" என்றார் அத்தை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் வீடு புதுச்சத்திரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே, எங்களுடைய கோழி செட்டுகளை ஒட்டி இருக்கிறது. முட்டைக்கோழிக்குப் பகல் நீளமாக இருக்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகும் செட்டுகளில் வரிசையாக விளக்கு எரியும். அந்தப் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையின் வெள்ளை விளக்குகள், இந்தப் பக்கம் சாலை. கல்யாணமாகி வந்த புதிதில் மாடியில் நின்று பார்த்தபோது வானம் அரிசி களைந்த தண்ணீர்போல இருந்தது. கல்லூரி நாட்களிலிருந்து சின்னத் தொலைநோக்கி ஒன்று வைத்திருந்தேன். இனி அதற்கு வேலை இல்லை என்று நினைத்தேன். பிறகுதான் குறுகிய பட்டை ஃபில்டர்களைப் பற்றிப் படித்தேன்.

என் வீட்டுக்காரர் ஒருநாள் நிஜமான அக்கறையோடு கேட்டார்.

"ஏம் புள்ள, வேணும்னா செட்டு லைட்ட செத்த நேரம் அணைச்சுப்போடட்டுமா?"

"வேண்டாங்க. கோழி முட்டையக் கொறைச்சுப்போட்டா அத்தை என்னையக் கூண்டுல அடைச்சுருவாங்க. அதுக்குத்தானுங்க இந்த ஃபில்டரு."

"அது என்ன பண்ணும்?"

விளக்குகள் எல்லா நிறத்தையும் கலந்து வீசுகின்றன. வானத்தில் இருக்கும் வாயு மேகமோ சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டும்தான் ஒளிர்கிறது. ஹைட்ரஜன் ஒரு சிவப்பில். ஆக்ஸிஜன் நீலமும் பச்சையும் சந்திக்கும் ஓரிடத்தில். கந்தகம் இன்னும் ஆழமான ஒரு சிவப்பில். ஃபில்டர் அந்த ஒரு நிறத்தை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் தடுத்துவிடும். செட்டு விளக்கில் அந்த நிறம் எவ்வளவு இருக்கிறதோ அந்தக் கீற்று மட்டும்தான் உள்ளே வரும். ஒவ்வொரு வாயுவையும் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து, பல மாலைகளின் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கடைசியில் மூன்றுக்கும் நிறம் கொடுத்துச் சேர்க்க வேண்டும்.

"அப்ப சந்தையில தக்காளிய மட்டும் பொறுக்கறாப்பல" என்றார்.

"ஆமாங்க. இருட்டுல."

நான் எடுத்துக்கொண்டது ரோசெட் நெபுலா. விரிந்த ரோஜாபோல நடுவில் குழி உள்ள மேகம். வானத்தில் முழு நிலவு இரண்டைப் பக்கத்தில் வைத்தாலும் அதைவிட அகலம், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. தையிலும் மாசியிலும் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்திலேயே உயரத்தில் வந்துவிடும். பாப்பாவைத் தூங்கவைக்கும் நேரத்திலேயே எடுக்கலாம் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். ஹைட்ரஜன் படங்களை நிலா இருந்த நாட்களிலேயே எடுத்துவிட்டேன். அதற்கு நிலா பெரிய தொல்லை இல்லை. ஆக்ஸிஜன் அப்படியில்லை, மங்கலானது. நிலவொளி அதை அடித்துவிடும். தை அமாவாசையை ஒட்டிய மாலைகள்தான் அதற்கு வேண்டும்.

அந்த மாலைகளில் முதலாவதில்தான் படங்கள் கறுத்துப்போயின.

மேகம் வந்திருந்தால் வானம் சாம்பலாகத் தெரிந்திருக்கும். கண்ணாடியில் பனி படிந்திருந்தால் முதலில் நட்சத்திரங்கள் ஊதிப் பெருத்துப் பிறகுதான் மறையும். கண்ணாடியைச் சுற்றி ஒரு சூடு பட்டையும் கட்டியிருந்தேன். அது எதற்கு என்று அத்தை கேட்டபோது, பனி பட்டால் இதற்கும் ஆகாது என்று சொல்லியிருந்தேன். சட்டென்று ஒரு நட்சத்திரமும் இல்லாமல் போவதென்றால் கேமராதான் பழுதாக இருக்க வேண்டும். அல்லது ஃபில்டர் இடம் மாறியிருக்கலாம். அல்லது நான் எதையோ சரியாகத் திருகவில்லை. மாட்டியபோது பாப்பா அழுதாள், அவசரமாகக் கீழே வந்தேன், அப்போது எதையோ விட்டுவிட்டேன். மாட்டியதை மனத்தில் ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒவ்வொரு திருகு தளர்வாக இருந்தது.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல செட்டு விளக்குகளை அணைத்துவிட்டு வந்து, மாடிக்குப் போய் எல்லாவற்றையும் கீழே எடுத்து வந்தார். அறையின் வெளிச்சத்தில் கேமராவைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை.

மறுநாள் அமாவாசை. அத்தை காலையில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்தவர், "இன்னிக்கு வாசல்லகூட நிக்க வேண்டாம் சாமி, புள்ளையத் தூக்கிட்டு" என்றார். எனக்கோ மாதத்தின் மிக நல்ல மாலை அது. வெளிச்சம் இருக்கும்போதே மாட்டி வைத்தேன். எல்லாத் திருகையும் இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். கீழே வந்து, கைப்பேசியில் தொலைநோக்கியை நெபுலாவின் பக்கம் திருப்பினேன். படங்கள் வந்தன. நடுக்குழியின் ஓரத்தில் புகைபோல ஆக்ஸிஜன் தெரிவதாகக்கூடத் தோன்றியது. பாப்பாவுக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் மறுபடி கறுத்தது.

"என்ன, உன்ற பூவுல ஆக்ஸிஜன் தீந்துபோச்சா?" என்றார் வீட்டுக்காரர், சாமான்களோடு படியிறங்கி வந்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாப்பா அன்று பகலில் இரண்டு முறை இருமியிருந்தாள். சாதாரண இருமல்தான், ஆனால் நான் காதை அவள் முதுகில் வைத்து வைத்துக் கேட்டேன். நெஞ்சு சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருக்கிறதா அல்லது எனக்குக் கேட்கத் தெரியவில்லையா என்ற சந்தேகம் வந்தது. ஒரு காதில் குழந்தையின் மூச்சு, ஒரு கண்ணில் கறுப்புப் படம். எதற்காகக் கவலைப்படுகிறேன் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் மாலையும் அதே நேரத்தில் படம் கறுத்தது. அன்று வீட்டுக்காரர் சீக்கிரமே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தையைக் காணவில்லை. சமையலறையில் இருக்கிறார் என்று நினைத்தேன். பாப்பாவை வீட்டுக்காரர் மடியில் போட்டுவிட்டு, துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, விறுவிறுவென்று மாடியேறிவிட்டேன். போகக் கூடாது என்பது நினைவிருந்தது. ஒரே நிமிடம் என்று சொல்லிக்கொண்டேன்.

மாடியில் அத்தை நின்றுகொண்டிருந்தார். தொலைநோக்கியின் தலையில் பாப்பாவின் கம்பளிக் குல்லா இருந்தது. அதன் இரண்டு நாடாக்களையும் குழாய்க்கு அடியில் தாடையில் முடிவதுபோல முடிந்திருந்தார். அதற்கு மேல் ஒரு தேங்காய்ப்பூத் துண்டைச் சுற்றிப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"அத்தை! என்னங்க இது?"

"நீ எதுக்கு மேல வந்த? எறங்கு, எறங்கு மொதல்ல!"

"இதுக்கு எதுக்குங்க குல்லா?"

"பனி பட்டா இதுக்கும் ஆகாதுன்னு நீதான சொன்ன? நீயோ மேல வரமாட்டேன்னு கீழ உக்காந்துட்ட. பொழுதோட சும்மா விட்டுவெச்சேன். பனி எறங்கற நேரத்துக்கு வந்து போத்திவுடறேன். அது பாவம், தன்னால நிக்குது."

"மூணு நாளாவா?"

"மூணு நாளாத்தான்."

படியின் கீழிருந்து வீட்டுக்காரர் பாப்பாவோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஒவ்வொரு நாளும் குல்லாவைக் கழற்றி, கொடியில் போட்டுவிட்டு, சாமானைக் கீழே எடுத்து வந்தவர்.

"ஏனுங்க, நீங்க பாத்தீங்கல்ல? சொல்லவே இல்ல?"

"நீதான் போட்டுவெச்சிருக்கன்னு நெனச்சேன் புள்ள. அதுக்கு ஏதோ ஒரு ஃபில்டர்னு..."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பாப்பா இருமினாள். முதலில் ஒன்று, பிறகு தொடர்ந்து, பிறகு இருமலுக்கு நடுவில் அந்தச் சத்தம். அதை மறக்க முடியாது. மூச்சை உள்ளே இழுக்கும்போதல்ல, விடும்போது நீளமாக ஒரு விசில். நான் மாடிக்கு வந்து சில நிமிடம்கூட ஆகியிருக்காது. அத்தை என்னைப் பார்த்தார். நான் வந்த நிமிடமும் அவள் இருமிய நிமிடமும் ஒன்றுதான் என்பதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

காரில் நாமக்கல் போகும் வழியெல்லாம் எதிரே வந்த லாரிகளின் வெளிச்சத்தில் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். மாஸ்க் வைத்ததும் சற்று நேரத்தில் விசில் குறைந்தது. பாப்பா அழுதாள். அழுகிற அளவுக்கு மூச்சிருந்தது.

டாக்டர் கேள்விகள் கேட்டார். வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா? இல்லை. கொசுவத்தி? ஆமாம், தொட்டிலுக்குப் பக்கத்தில்தான். குளிப்பாட்டியதும் சாம்பிராணி? அத்தை தலையசைத்தார். என்ன தொழில்? வீட்டுக்காரர் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். தீவனத் தூள் தோளில் மாவுபோலப் படிந்திருந்தது. செட்டிலிருந்து வந்த கையோடு பாப்பாவை வாங்கியிருந்தார். தினமும் அப்படித்தான் வாங்குவார்.

"இதெல்லாம் நிறுத்திப் பாக்கலாம். செட்டுல இருந்து வந்தா குளிச்சு, துணி மாத்திட்டுத் தூக்குங்க" என்றார் டாக்டர்.

"பனிங்க சார்?" என்றார் அத்தை. "தாய்க்காரி பனியில நின்னா?"

"குழந்தைக்குக் குல்லா போடுங்கம்மா, போதும்."

அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. குல்லா தொலைநோக்கியின் தலையில் இருந்தது எங்கள் மூவருக்கும் தெரியும்.

மறுநாள் சொன்னபடியே தொலைநோக்கியைக் கட்டி பீரோவின் மேல் வைத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொசுவத்தியை எறிந்துவிட்டுத் தொட்டிலுக்கு வலை வாங்கினோம். சாம்பிராணிக் கரண்டியை அத்தை சாமி மாடத்துக்கு அடியில் தள்ளி வைத்தார். வீட்டுக்காரர் செட்டிலிருந்து வந்ததும் நேரே குளியலறைக்குப் போனார். பாப்பா கைநீட்டி அழுதாலும் நின்று பார்க்காமல் போனார். நான் இருட்டிய பிறகு வாசலுக்குக்கூடப் போகவில்லை. இவ்வளவும் ஒரே நாளில் தொடங்கியது.

இருமல் போயிற்று. போன பிறகும் எனக்கு அமைதி வரவில்லை. பகலில் பாப்பா தூங்கும்போது கறுப்புப் படங்களைத் திறந்து பார்ப்பேன். வானத்தைப் படமெடுப்பவர்களே மூடியைப் போட்டுச் சில படங்கள் எடுப்பதுண்டு. கேமராவுக்குள் தானாக எழும் புள்ளிகள் அதில் மட்டும் தெரியும், பிறகு அதை நிஜப் படத்திலிருந்து கழித்துவிடலாம். அத்தை எனக்காக அதைத்தான் மூன்று மாலைகள் எடுத்துத் தந்திருக்கிறார். குல்லா, துண்டு இரண்டின் வழியாகவும் கொஞ்சம் வெளிச்சம் கசிந்திருக்கலாம், ஆனாலும் பயன்படும். கழிப்பதற்கு நிறைய இருந்தது. எதிலிருந்து கழிப்பதோ அதுதான் குறைவு. மாசியின் இருட்டு மாலைகள் நெருங்கின. அதைத் தாண்டினால் பங்குனியின் புழுதிமூட்டம், நெபுலாவும் மேற்கே சரிந்துவிடும். அடுத்த ஆண்டு பார்க்கலாம். அடுத்த ஆண்டு பாப்பா நடப்பாள், நான் பள்ளிக்குத் திரும்பியிருப்பேன், எங்கே பார்ப்பது என்று தோன்றும். உடனே, மூச்சுக்குத் திணறிய குழந்தையை வைத்துக்கொண்டு எதை நினைக்கிறேன் என்று என்மேலேயே கோபம் வரும்.

ஒரு மாலை அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை கேட்டார்.

"அந்தப் பூவு முடிஞ்சுதா?"

"இல்லீங்க அத்தை. வுட்டுட்டேன்."

"கீழ உக்காந்துட்டுக் காத மேலயே வெச்சுட்டிருக்க. எனக்குத் தெரியாதா?" முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். "எனக்கென்ன, நான் பால் குடுக்கறனா? நான் போறேன் மேல. என்ன பண்ணோணும்னு சொல்லு."

பொழுது சாயும் முன் நான் போய், தரையில் பெயின்ட் குறி போட்டிருந்த இடத்தில் தொலைநோக்கியின் முக்காலியை வைத்து, எல்லாவற்றையும் மாட்டிவிட்டு இறங்கினேன். அத்தை சால்வையோடும் போனோடும் மேலே போனார். நான் தொட்டில் பக்கத்தில் ஒரு கைப்பேசியில் படங்களையும் வீட்டுக்காரரின் கைப்பேசியில் அத்தையின் குரலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"தன்னால திரும்புது சாமி! நான் ஒண்ணும் தொடவே இல்ல!"

"அது அப்படித்தானுங்க. மூடியக் கழட்டுங்க. அவ்வளவுதான்."

படங்கள் வந்தன. நட்சத்திரங்கள் வந்தன. ஐந்தாவதோ ஆறாவதோ படம் வெள்ளை வெளேரென்று வந்து என் கண்ணைக் கூசவைத்தது.

"அத்தை! டார்ச் அடிச்சீங்களா?"

"கண்ணாடியில பனி இருக்குதான்னு பாத்தேன். இல்ல. நல்லாத்தான் இருக்குது."

"டார்ச் வேண்டாங்க. தொட்டுப் பாருங்க, அந்தப் பட்டை சூடா இருந்தாச் சரி."

"சூடாத்தான் இருக்குது, காச்சல்காரப் புள்ளையாட்டம்." சால்வை உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்க சாமி பூவு? அண்ணாந்து அண்ணாந்து பாக்கறேன், ஒண்ணையும் காணோம்."

"கண்ணுக்குத் தெரியாதுங்க. போட்டோவுலதான் தெரியும்."

"தெரியாததுக்கா இத்தன பாடு! பனி பால்ல எறங்கறது மட்டும் உனக்குக் கண்ணுல பாக்கோணும், ஏம்?"

அது வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். தொட்டிலில் பாப்பா முனகினாள். தூக்கி மடியில் போட்டு முதுகில் காதை வைத்தேன். நெஞ்சு சுத்தமாக இருந்தது. அத்தையோடு அந்த விவாதத்தை நான் தொடரவே இல்லை.

வானம் கெடுவதற்குள் சில மாலைகள் கிடைத்தன. கந்தகம் எடுக்க நேரமில்லை. ஹைட்ரஜனுக்குச் சிவப்பும் ஆக்ஸிஜனுக்கு நீலப்பச்சையும் கொடுத்துச் சேர்த்தபோது, சிவந்த இதழ்களுக்கு நடுவே மெல்லிய நீலம் வந்தது. குறைவான படங்கள் என்பதால் ஓரமெல்லாம் மணல்மணலாக இருந்தது. வீட்டுக்காரர் அதைத் தன் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "நடுவுல இருக்குதே நீலம், அதுதான் நான் எடுத்தது" என்று தீவனம் இறக்க வந்தவரிடம் காட்டினார்.

பாப்பாவுக்கு இதுவரை மூச்சிளைப்பு திரும்ப வரவில்லை. நான் பனிக்கு ஒதுங்கியதால்தான் என்கிறார் அத்தை. குளித்துவிட்டுத் தூக்குவதால்தான் என்கிறார் வீட்டுக்காரர். கொசுவத்தியாகவும் இருக்கலாம், சாம்பிராணியாகவும் இருக்கலாம், வெறுமனே வயது ஏறியதாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டதால் எது என்று இனிமேல் பிரித்துச் சொல்ல முடியாது. பள்ளியில் ஒரு மாணவி இப்படிச் சோதனை செய்து வந்திருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன். ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து பார்ப்பதுதான் முறை. அதில் மிக எளியது, பனியுள்ள ஒரு மாலையில் நான் மாடியில் போய் நிற்பது. எதுவும் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

நான் நிற்கவில்லை.